தாளேறிய ஓவியம்

செப்புத் தகடு தட்டையானது, கோப்பையோ வளைவானது. தகட்டில் செதுக்கிய ஓவியத்தைக் கோப்பையின்மீது நேரே அச்சிட இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே தூது சென்றது மெல்லிய தாள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் இம்முறை வளர்ந்தது.

1756ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து ஜான் சாட்லரும் கய் கிரீனும் ஆறு மணி நேரத்தில், பிறர் துணையின்றி, 1200க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் அச்சிட்டதாக உறுதிமொழி ஆவணம் அளித்தனர். கைதேர்ந்த ஓவியர் நூறு பேர் அதே நேரத்தில் வரையக்கூடியவற்றினும் அவை மிகுதி என்றும் அதில் கூறினர். தம் தொழிலைத் தாமே புகழ்ந்த கூற்றாதலின் அதைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடலாம். ஆயினும், தூரிகையை நம்பி வாழ்ந்தோருக்கு அவ்வெண்ணிக்கை தந்திருக்கக்கூடிய அச்சம் சிறிதன்று.

தொடக்கத்தில் ஓவியம் கண்ணாடிப் பூச்சின்மேல் பதிக்கப்பட்டமையால் நாளடைவில் தேய்ந்தது. 1784ஆம் ஆண்டளவில் ஸ்டாஃபோர்டுஷயரில் ஜோசையா ஸ்போடு, பூச்சுக்கு அடியில் நீல ஓவியம் பதிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். கோபால்ட் ஆக்சைடை எண்ணெயில் குழைத்து, சூடேற்றிய தகட்டின் கீறல்களில் நிரப்புவர். சோப்புநீர் தடவிய தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுப்பர். ஒருமுறை சுட்ட, பூச்சில்லாத கலத்தின்மீது அத்தாளை ஒட்டி, விறைப்பான தூரிகையால் அழுந்தத் தேய்ப்பர். நீரில் இட்டதும் தாள் நீங்கும். எண்ணெய்ப் பசையுள்ள வண்ணம் கலத்தில் தங்கும். மிதமான சூட்டில் எண்ணெயைப் போக்கிய பின்னரே பூச்சிடுவர். இன்றேல் பூச்சு ஒட்டாது. கோபால்ட் ஆக்சைடு இயல்பில் கரியது. சூளையில் பூச்சோடு உருகிக் கலந்தபோதே நீலமாகும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. நூல் அச்சிடும் எழுத்துருவை இடவலம் மாற்றியே செதுக்க வேண்டும். இங்கோ ஓவியம் தாளில் ஒருமுறையும் கலத்தில் மறுமுறையும் திரும்புவதால், தகட்டில் நேராகவே செதுக்கினர்.

அச்சிட்டவர் பெரும்பாலும் ஆண்கள். தாளைக் கலத்தில் பொருத்தியோர் பெண்கள். ஓவியத்தின் விளிம்பையொட்டித் தாளை வெட்டித் தரும் பணி சிறுமியருக்குரியது. 1840களில் குழந்தைத் தொழிலாளரைப் பற்றி அரசு நடத்திய விசாரணை, மட்பாண்டத் தொழிலகச் சிறாரின் நிலையையும் பதிவு செய்தது. எளியோர் வீட்டு உணவு மேசைக்கும் ஓவியத் தட்டு வந்து சேர்ந்ததில் இச்சிறாரின் உழைப்பும் கலந்திருந்தது.

தூரிகை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. கோட்டுருவை மட்டும் அச்சிட்டு, அதனுள் கையால் வண்ணம் நிரப்பும் வழக்கமும் இருந்தது. பழைய தட்டுகளின் ஓரத்தை உற்றுநோக்கின், கொடியும் பூவும் ஓரிடத்தில் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்பதைச் சிலவற்றில் காணலாம். தாளின் இரு முனைகள் சந்தித்த இடம் அது.