இசைக் கல்லூரி ஆடிஷனுக்குப் போகும் பியானோ பிள்ளைகளுக்கு

அறந்தாங்கியில் கீபோர்டில் விரல் வைத்து, கிரேடு தேர்வுகள் எழுதி, பிளஸ் டூ முடிந்ததும் இசைக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியோ, கடல் தாண்டிய கல்லூரியோ, எங்கே போனாலும் வாசித்துக் காட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். பாக், பீத்தோவன், ஷோப்பான் என்று எடுப்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நவீன பீஸ் எது என்று வரும்போதுதான் தடுமாற்றம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. விதிமுறையை முதலில் படி. ‘நவீனம்’ எங்கே தொடங்குகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 1900-க்குப் பிறகு எழுதியது எதுவானாலும் சரி என்று ஓரிடம் சொல்லும். 1945-க்குப் பிறகு என்று இன்னோர் இடம் கேட்கும். தெபுஸ்ஸியின் பிரெலூட் முதல் தொகுதி 1910-ல் வந்தது. முதல் கணக்கில் அது சேரும், இரண்டாவதில் சேராது. சந்தேகம் என்றால் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுவிடு. யூடியூபில் கேட்டு மயங்கிய யிருமா, ஐனாவ்டி பீஸ்களை வீட்டில் ஆசை தீர வாசி. ஆடிஷனுக்கு வேண்டாம். ஒரே நடை திரும்பத் திரும்ப வருவதால், உன் கைவளத்தைக் காட்ட அவற்றில் இடம் குறைவு.

2. தாளத்தின் வழியாக உள்ளே போ. கோயில் தவிலைக் கேட்டு வளர்ந்த காது உனக்கு இருக்கிறது. அதற்கு ஏற்றவர் பேலா பார்டோக். ஹங்கேரி, ருமேனியா கிராமங்களில் அலைந்து நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர். 1926 முதல் 1939 வரை அவர் எழுதிய ‘மைக்ரோகாஸ்மோஸ்’ ஆறு தொகுதி, 153 பீஸ். கடைசி ஆறும் பல்கேரியத் தாள நடனங்கள். 149-ஆம் எண் ஏழு அட்சரம்: தக தக தகிட. 153-ஆம் எண் எட்டு: தகிட தகிட தக. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் மிச்ர சாபு தகிட தகதிமி என்று மூன்றில் தொடங்கும். அந்தப் பழக்கத்தில், 149-ஐ வாசிக்கும்போது கை தானாகவே தகிடவை முன்னால் இழுத்துவிடும். கட்டையைத் தொடுமுன் ஒரு வாரம் மேசையில் தட்டு: இடது கையில் அட்சரம் முழுக்க, வலது கையில் ஒவ்வொரு சொல்லின் முதல் அடி மட்டும். இவை கனமாகத் தெரிந்தால் நான்காம் தொகுதியில் 113, 115 இரண்டும் இருக்கின்றன. அங்கிருந்து ஏறி வா.

3. உன் வாத்தியத்தை மனதில் வை. நம்மில் பலரிடம் இருப்பது 61 கட்டை கீபோர்டு. லிகெட்டியின் ‘மூசிகா ரிசெர்காட்டா’வில் முதல் பீஸ் ஏறக்குறைய முழுவதும் ‘ஏ’ என்ற ஒரே ஸ்வரத்தில் ஓடும். முடிவில்தான் ‘டி’ வரும். 88 கட்டையில் எட்டு ‘ஏ’ உண்டு, 61 கட்டையில் ஐந்துதான். அதில் இந்த பீஸைப் பழகவே முடியாது. தெபுஸ்ஸிக்கோ பெடலைப் பாதி அழுத்தும் நுட்பம் வேண்டும். விலை குறைந்த கீபோர்டு பெடல் அதைத் தராது. எதை எடுத்தாலும், ஆடிஷனுக்கு முன் சில நாளாவது நிஜ பியானோவில் வாசித்துவிடு. கட்டையின் கனத்துக்கு விரல் பழக வேண்டும்.

4. கஷ்டமான பீஸ்தான் மதிப்பு என்று நினைக்காதே. புரோகோஃபியெவின் டொக்காட்டாவைத் தடுமாறி வாசிப்பதைவிட, பார்டோக்கின் ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்க’ளைத் தெளிவாக வாசிப்பது எவ்வளவோ மேல். 1915-ல் எழுதிய ஆறு சிறு நடனங்கள்; ஆறுக்கும் ஆறு குணம். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போய், காலையில் கை சில்லிட்டிருக்கும்போதும் தவறாமல் வருகிற பீஸ் எதுவோ, அதுவே உன் பீஸ்.

5. மற்ற பீஸ்களோடு சேர்த்துப் பார். ஷோப்பானில் உருக்கம் வந்துவிட்டதென்றால் நவீன பீஸில் துடிப்பு வரட்டும். பீத்தோவன் வேகமாக இருந்தால் இங்கே நிறமும் நிதானமும் வேண்டும். ஒரே முகத்தை மூன்று முறை காட்டாதே.

6. முதல் பக்கத்திலேயே உன் பலம் தெரிய வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் தேர்வாளர்கள் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். அது தோல்வி இல்லை, வழக்கம்தான். ஆனால் அழகெல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கிற பீஸை எடுத்தால் அது அவர்கள் காதுக்குப் போகாமலே நின்றுவிடும்.

7. ஒழுங்கான நோட்ஸ் வாங்கு. வீடியோவில் விழும் வண்ணக் கட்டைகளைப் பார்த்துக் கற்றவனுக்கு விரல் எண்ணும் தெரியாது, சொற்கட்டும் தெரியாது. நம் நாட்டில் காப்புரிமை இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டு வரை. பார்டோக் 1945-லும், புரோகோஃபியெவ் 1953-லும் மறைந்தார்கள். அவர்கள் எழுதியதை இங்கே சட்டப்படியே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஷொஸ்தகோவிச், லிகெட்டி என்றால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

8. ‘ஏன் இந்த பீஸ்?’ என்ற கேள்விக்குப் பதில் வைத்திரு. ‘சார் கொடுத்தார்’ என்பது பதில் ஆகாது. எங்கே திரும்புகிறது, எந்த இடம் உனக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிய வேண்டும். பார்டோக்கை எடுத்தால் அந்தத் தக தக தகிடவைத் தட்டியே காட்டு. தமிழ்நாட்டுப் பிள்ளை தன் காதை நம்பி எடுத்த பீஸ் அது என்பது கேட்பவருக்குப் புரியும். அந்தப் பதிலை எந்த பீஸுக்கு உன்னால் உண்மையாகச் சொல்ல முடிகிறதோ, அதைத் தேர்ந்தெடு.