தொட்டியில் மலரும் மல்லிகை

மணமிக்க மலர்களுள் மல்லிகைக்குத் தனிச் சிறப்பு உண்டு. வெப்ப நாடுகளில் செழித்து வளரும் குண்டுமல்லிகை, 1934ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் மதுரை மல்லிகை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தோட்டம் இல்லாத இல்லத்தாரும் இச்செடியை ஒரு மண்தொட்டியில் வளர்த்துப் பயன் பெறலாம்.

நிலத்தில் நிற்கும் செடி, நீரையும் உணவையும் நாடித் தன் வேரை நெடுகச் செலுத்தும். தொட்டிச் செடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் உலகம் ஓரடி அகலமே. ஆதலின், அதன் வாழ்வும் தாழ்வும் வளர்ப்போர் கையில் உள்ளன.

தொட்டி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் உடையதாய் இருத்தல் நன்று. அதன் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. துளையின்மேல் ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புதல் வேண்டும். பின்னர், வேர் பிடித்த பதியனை நட்டு, நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தில் வைத்தல் வேண்டும். நிழலில் வைத்த செடி இலை தழைத்து நிற்குமேயன்றி, மிகுதியாகப் பூவாது.

தொட்டிச் செடிகள் வறட்சியால் வாடுவதுபோலவே மிகுந்த நீராலும் மடிவதுண்டு. வேர்களுக்கு நீரேயன்றிக் காற்றும் தேவை. மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் ஓயாது தேங்கி நின்றால், காற்றுப் புக வழியின்றி வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. இலைகள் மஞ்சள் நிறமுற்று வாடும். அவ்வாட்டத்தைக் கண்டு, நீர் போதவில்லை எனக் கருதி, அறியாதார் மேலும் நீர் ஊற்றுவர். அன்பினால் செய்யும் அச்செயலே செடியின் உயிரைப் போக்கிவிடும். ஆகையால், மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, அஃது உலர்ந்த பின்னரே நீர் விடுதல் முறையாகும்.

கிளைகளை வெட்டுவதற்கு அஞ்சுவோரும் உளர். மல்லிகையோ புதிய தளிர்களிலேயே அரும்பு கட்டும் இயல்புடையது. நவம்பர் மாத இறுதியில் உலர்ந்த கிளைகளை நீக்கி, ஏனையவற்றைப் பாதியளவு குறைத்து உரமிடுதல் வேண்டும். அங்ஙனம் செய்தால், வெட்டிய இடங்களிலிருந்து தளிர்கள் கிளைத்து, வேனிற்காலத்தில் அரும்புகள் நிறையத் தோன்றும்.

செடி வாய் திறந்து எதையும் கேளாது. அதன் இலையும் மண்ணும் காட்டும் குறிப்பை அறிந்து உதவுவோர்க்கே, மாலைப்பொழுதில் அரும்புகள் இதழ் விரித்து இல்லமெங்கும் மணம் பரப்பும்.