உடற்பயிற்சி ஆசானாகப் புறப்பட்ட தம்பிக்கு

ஏலூர்

அன்புள்ள தம்பி,

உத்யோகமண்டலத்திற்கு அருகே உடற்பயிற்சிக் கூடம் ஒன்று திறக்கப்போவதாகவும், ஆர்வத்தோடு வந்து சேருகிறவர்கள் ஒரே மாதத்தில் நின்றுவிடாமல் இருக்க வழி என்னவென்றும் எழுதியிருந்தாய். இத்தொழிலில் இறங்குகிற இளைஞர்களுள் பலர் கேளாத கேள்வி அது. நீ கேட்டதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

1947இல் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய காலந்தொட்டு, இங்கே எத்தனையோ குடும்பங்களின் ஊணும் உறக்கமும் ஷிப்டுக் கணக்கிலேயே நடந்துவருகின்றன. இராத்திரி முழுதும் வேலை செய்து, விடிந்ததும் சாயாக்கடையில் பொரோட்டாவும் இறைச்சிக் கறியும் உண்டு படுக்கப் போகிற ஒருவரை நிறுத்தி, காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடவேண்டும் என்று உபதேசிப்பது, அவருடைய ஜீவனத்தை விசாரியாமலே அவரைக் குற்றவாளியாக்குவதாகும். ஆகையால் முதல் நாளில் எடை பார்க்கும் இயந்திரத்தில் அவரை ஏற்றாதே. பக்கத்தில் உட்கார்ந்து, எப்பொழுது உண்கிறார், எப்பொழுது உறங்குகிறார், வீட்டில் சமைப்பவர் யார், எதை முன்னிட்டு உன்னிடம் வந்தார் என்று கேள். கேட்டபின் அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாதிரு. குடிப்பழக்கத்தினின்று மீள முயல்வோரோடு பழகிய வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலார் 1983இல் எழுதியதன் சாரமும் இதுவே: வாதிட வாதிட மனிதன் தன் பழைய வழக்கத்திற்கே வக்கீலாகிறான், மாறவேண்டிய காரணத்தை அவனே தன் வாயால் சொல்லும்படி விட்டால், அந்தச் சொல்லுக்கு அவனே கட்டுப்படுகிறான். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சொல்லிப் பயமுறுத்துவது இரண்டு வாரத்திற்குப் பயன்படலாம். அதற்குமேல் பயன்படுமென்று நான் நம்பவில்லை.

எடையைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வை நீ அவசியம் அறிந்திருக்கவேண்டும். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் இடைவிடாத வழிகாட்டல் பெற்றவர்களில் அது ஏறக்குறைய 39ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்கவில்லை. முள் அசையவில்லையே என்று மனம் தளர்ந்து உன் வாசலை விட்டுப் போகிற மனிதருக்குள்ளே நன்மை அதற்குள் நடந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை நீ சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று விளம்பரம் செய்யாதே. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் கண்டது சராசரி 66 நாள். அதிலும் ஒருவருக்கு 18, மற்றொருவருக்கு 254 என்று பெரும் வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் ஒன்றும் நேரவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். ஆதலால் நான்கு நாள் வராதிருந்து தலைகுனிந்து திரும்புகிறவரிடம், ஏன் வரவில்லை என்று விசாரணை செய்யாமல், இன்றைக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று மாத்திரம் கேள். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டாலும், காற்றில் இரசாயன நெடி கனத்தாலும் வெளியே நடக்க இயலாது. அந்நாட்களுக்கென்று வீட்டுக்குள்ளேயே செய்யத்தக்க பத்து நிமிஷப் பயிற்சியை முன்கூட்டியே கற்றுக்கொடுத்துவை.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் ஆயிரம் பேரளவில் சேர்த்து நடத்தி, 2018இல் முடிவு வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு முயற்சியில், அந்தந்தக் குழுவினரிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சியளித்துத் தலைவர்களாக்கினார்கள். நோய் கண்டவர் தொகை ஐயமற்றுச் சொல்லுமளவு குறையவில்லை. எனினும் காய்கனி உண்பது கூடிற்று, குடி குறைந்தது. அண்டை வீட்டாரின் துணைக்கு உள்ள அந்தச் சக்தியை நீயும் உபயோகப்படுத்திக்கொள். ஆறு மாதம் நிலைத்துவிட்ட ஷிப்டுத் தொழிலாளி ஒருவரிடம், அதே ஷிப்டில் வேலை செய்யும் புதியவர்கள் நால்வரை ஒப்படை. நீ அவர்களுக்குப் பின்னால் நில். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவாயானால், அது எந்த நேரம் என்பதை அவர்களே கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்