சின்ன எழுத்தையும் படிப்போம்

பருத்திச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. பூவும் சப்பையும் நிறைய இருந்தன. விவசாயி ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தார். அடியில் தத்துப்பூச்சிகள் இருந்தன. அவர் மனம் பதறியது. நேராக மருந்துக் கடைக்குப் போனார்.

தெலங்கானாவில் கம்மம் பக்கம் ஒரு சிற்றூரில் இது நடப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். மழையை நம்பிய நிலம். கையில் பணம் இல்லை. கடைக்காரர் இரண்டு பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டார்.

மாலையில் மனைவி கேட்டார்.

"என்ன மருந்துங்க இது?"

"கடைக்காரர் கொடுத்தது. நல்லாக் கேக்குமாம்."

"விலை எவ்வளவு?"

"கேக்கலை. பருத்தி எடுத்ததும் பாத்துக்கலாம்னு சொன்னார்."

"பில் குடுத்தாரா?"

"கடனுக்கு வாங்குறவன் பில் கேக்க முடியுமா?"

மனைவி இரவில் எழுத்து வகுப்புக்குப் போகிறவர். பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். பெரிய எழுத்தை உடனே படித்துவிட்டார். சின்ன எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். மறுபடியும் படித்தார்.

"ஏங்க, இந்த மருந்துக்குக் காலம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

விவசாயி பேசாமல் நின்றார். மூன்று வருடமாக அதே கடையில்தான் வாங்குகிறார். ஒரு பாட்டிலையும் அவர் படித்துப் பார்த்ததில்லை.

கடன் மருந்தின் விலை என்ன?

கடனில் வாங்கும் மருந்துக்கு ஒரே விலை இல்லை. நான்கு விலை உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ரொக்கம் கொடுத்தால் மருந்தின் விலை 7,000 ரூபாய். கடன் என்றால் கணக்கில் 8,000 ரூபாய் என்று எழுதுவார்கள். இது முதல் விலை.

அந்தக் கடனுக்கு மூன்று ரூபாய் வட்டி. அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். 8,000 ரூபாய்க்கு மாதம் 240 ரூபாய். ஆறு மாதத்திற்கு 1,440 ரூபாய். இது இரண்டாவது விலை.

விளைந்த பருத்தியை அந்தக் கடைக்கே கொடுக்க வேண்டும். சந்தையை விடக் குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைத்து எடுப்பார்கள். பத்துக் குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் நட்டம். இது மூன்றாவது விலை.

மூன்றையும் கூட்டுங்கள். 11,440 ரூபாய் ஆகிறது. 7,000 ரூபாய் மருந்துக்கு 4,440 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது.

நான்காவது விலை உடம்பு. தலைவலி, மயக்கம், கண் எரிச்சல், மருத்துவச் செலவு. அதை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

மருந்தடித்தும் பூச்சி ஏன் சாகவில்லை?

நாம் இதை மருந்து என்று சொல்கிறோம். தெலுங்கில் 'மந்து' என்கிறார்கள். ஆனால் இது நஞ்சு. நோயைத் தீர்க்கும் மருந்து போல நினைத்து அடிக்கடி தெளித்தால் கேடுதான் வரும்.

1997-98 பருவத்தில் வாரங்கல் பகுதியில் பருத்தியைப் புழு தாக்கியது. அன்று அது ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. விவசாயிகள் திரும்பத் திரும்ப மருந்தடித்தார்கள். புழு சாகவில்லை. விளைச்சல் போனது. கடன் மட்டும் நின்றது. கடன் சுமை தாங்காமல் பல விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் துயரம் நாட்டையே உலுக்கியது.

பூச்சி சாகாததற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, ஒரே மருந்தை அடிக்கடி தெளித்தால் பூச்சி அதைத் தாங்கப் பழகிவிடும். தப்பிப் பிழைத்த பூச்சிகளின் குஞ்சுகளுக்கும் அந்த வலிமை வரும்.

இரண்டு, வயலில் நல்ல பூச்சிகளும் உண்டு. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி ஆகியவை கெட்ட பூச்சிகளைத் தின்னும். மருந்து முதலில் இவற்றைக் கொல்கிறது. பிறகு கெட்ட பூச்சிக்கு எதிரி இல்லை.

மூன்று, சில நேரம் மருந்தே சரியில்லை. போலியாக இருக்கும். கலப்படமாக இருக்கும். காலம் கடந்ததாக இருக்கும்.

2002-ஆம் ஆண்டு பி.டி. பருத்தி இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. முதலில் காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியையும் தாங்கப் பழகிவிட்டது. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் மருந்து தேவைப்பட்டது. ஆகவே மருந்துக் கடைக்குப் போகும் வழி இன்னும் அடைபடவில்லை.

புனுகுல காட்டிய வழி

புனுகுல என்பது பால்வஞ்சாவுக்கு அருகில் உள்ள ஊர். முன்பு கம்மம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கும் பருத்திதான். அங்கும் கடைக்காரரே மருந்து கொடுப்பார். அவரே கடன் கொடுப்பார். அவரே பருத்தியையும் எடுத்துக்கொள்வார்.

1999-ஆம் ஆண்டு செக்யூர் என்ற தொண்டு நிறுவனம் அந்த ஊருக்கு வந்தது. ரசாயன மருந்து இல்லாமல் பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறையைச் சொன்னது. பலர் நம்பவில்லை. சிலர் மட்டும் செய்து பார்த்தார்கள். விளைச்சல் குறையவில்லை. செலவு குறைந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

அவர்கள் செய்தது என்ன? கோடையில் ஆழமாக உழுதார்கள். மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழு வெயிலில் காய்ந்தது. பருத்தியின் ஓரத்தில் ஆமணக்கு விதைத்தார்கள். புழு முதலில் ஆமணக்குக்குப் போகும். முட்டை உள்ள இலையைப் பறித்து அழிப்பார்கள். மஞ்சள் தட்டில் பசை தடவி வைத்தார்கள். வயலில் குச்சி நட்டார்கள். அதில் பறவைகள் உட்கார்ந்து புழுக்களைத் தின்றன. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தார்கள்.

இதில் பெண்களின் பங்கு பெரியது. மகளிர் சங்கங்கள் முன்னே நின்றன. வேப்பங்கொட்டையை இடித்துப் பொடியாக்குவது சிலருக்கு வருமானமும் ஆனது.

2004-ஆம் ஆண்டு புனுகுல ஊராட்சி, தங்கள் ஊர் ரசாயனப் பூச்சிமருந்து இல்லாத ஊர் என்று அறிவித்தது. ஒருவர் தனியாக விட்டிருந்தால் கடைக்காரருக்கு முன்னால் நிற்க முடியாது. ஊர் சேர்ந்து விட்டதால் முடிந்தது.

வேப்பங்கொட்டைக் கரைசல் செய்யும் முறை

வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ எடுக்கவும். இடித்துப் பொடியாக்கவும். துணியில் மூட்டையாகக் கட்டவும். 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைக்கவும். காலையில் நன்றாகப் பிழியவும். வடிகட்டவும். தண்ணீர் சேர்த்து 100 லிட்டர் ஆக்கவும். 200 கிராம் சோப்புத்தூள் கரைக்கவும். அன்று மாலையே தெளிக்கவும்.

பூச்சி குறைவாக இருக்கும்போதே தெளிப்பது நல்லது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்?

சில நேரம் மருந்து வாங்காமல் முடியாது. அப்போது வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். கிசான் கால் சென்டர் 2004-ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. எண் 1800-180-1551. கட்டணம் இல்லை. நம் மொழியிலேயே பேசலாம்.

கடையில் பாட்டிலைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, இமிடாகுளோபிரிட் 17.8 விழுக்காடு என்று இருக்கும். இதே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. விலையும் வேறு வேறு. உண்மைப் பெயரும் விழுக்காடும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்று என்றால் விலையை ஒப்பிட்டு வாங்கலாம். இரண்டு பெயரில் ஒரே மருந்தை வாங்கிக் கலந்து அடிக்கும் வீண் செலவும் மிஞ்சும்.

பிறகு தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண் ஆகியவற்றைப் பாருங்கள். எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று பாருங்கள். மூடியின் முத்திரை உடைந்திருந்தால் வாங்க வேண்டாம்.

பாட்டிலில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் வண்ணம் இருக்கும்.

சிவப்பு: மிக மிகக் கொடிய நஞ்சு. மண்டை ஓட்டுப் படமும் இருக்கும்.
மஞ்சள்: மிகக் கொடிய நஞ்சு.
நீலம்: நடுத்தர நஞ்சு.
பச்சை: குறைந்த நஞ்சு.

பச்சை என்றாலும் நஞ்சுதான். பயம் இல்லாமல் தொடலாம் என்று பொருள் இல்லை.

மலிவாக வாங்க வழி உண்டா?

உண்டு. முதல் வழி ரொக்கம். ரொக்கத்திற்குக் கூட்டுறவுச் சங்கத்தையும் வங்கியையும் நாடலாம். கிசான் கிரெடிட் கார்டு திட்டம் 1998-ஆம் ஆண்டு வந்தது. அதில் பயிர்க்கடன் வாங்கலாம். தவணை தவறாமல் கட்டினால், அரசின் வட்டிச் சலுகை போக ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டிதான்.

முன்னே போட்ட கணக்கை மறுபடி போடுவோம். 7,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி. ஆறு மாதத்திற்கு 140 ரூபாய். மொத்தம் 7,140 ரூபாய். கடைக் கடனோடு ஒப்பிட்டால் 4,300 ரூபாய் மிச்சம். பருத்தியையும் விரும்பிய இடத்தில் விற்கலாம். சந்தையில் விலை விழுந்தால் இந்தியப் பருத்திக் கழகத்திற்கு ஆதரவு விலையில் கொடுக்கலாம்.

குத்தகை விவசாயிகளுக்கு நிலப் பத்திரம் இல்லை. அதனால் வங்கியில் கடன் கிடைப்பது கடினம். கடைக் கடனில் அதிகம் சிக்குவது இவர்கள்தான். இவர்கள் சிலராகச் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைக்கலாம். குழுவாக வங்கியில் கேட்கலாம்.

இரண்டாவது வழி, சேர்ந்து வாங்குவது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே மருந்தை வாங்கினால் விலை பேச முடியும். பாட்டிலில் அச்சிட்ட விலை அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்கக் கூடாது. குறைத்துக் கேட்கலாம்.

பில் நம் ஆயுதம்

ரொக்கமோ கடனோ, பில் கேளுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், அளவு, விலை, தேதி எல்லாம் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். பயிர் முடியும்வரை பில்லையும் காலிப் பாட்டிலையும் பத்திரமாக வையுங்கள். பாட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

மருந்து போலி என்று தோன்றினால் வேளாண்மை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி ஆய்வாளர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். நட்ட ஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆந்திர விவசாயிகள் சிலர் விதை கெட்டுப்போனதற்காக வழக்குப் போட்டார்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தெளிக்கும்போது

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நஞ்சேறி விழுந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கூலிக்கு அடித்தவர்களும் அவர்களில் உண்டு.

முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி அணியுங்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். சொன்ன அளவுக்கு மேல் கலக்காதீர்கள். அடைப்பை வாயால் ஊதாதீர்கள். வேலை நடுவே பீடி, சாப்பாடு வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, பார்வை மங்கல் வந்தால் உடனே நிறுத்துங்கள். துணியை மாற்றிச் சோப்பால் கழுவுங்கள். மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலையும் கொண்டு போங்கள். விஷமுறிவு பற்றி அதில் எழுதியிருக்கும்.

மறுநாள்

மறுநாள் காலை கணவனும் மனைவியும் சேர்ந்து கடைக்குப் போனார்கள். மனைவி தேதியைப் படித்துக் காட்டினார். கடைக்காரர் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேறு மருந்தை எடுத்தார். மனைவி அதையும் படித்தார். பில் கேட்டார். கடைக்காரர் சற்று நேரம் அவர்களைப் பார்த்தார். பிறகு பில் எழுதினார்.

பழைய கடன் அப்படியேதான் இருக்கிறது. அது ஒரு நாளில் தீராது. ஆனால் அன்று மாலை அவர்கள் வீட்டில் ஒரு நோட்டு திறக்கப்பட்டது. இதுவரை கடைக்காரரிடம் மட்டும்தான் கணக்கு இருந்தது. இனி அவர்களிடமும் இருக்கும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் உள்ள மருந்துப் பாட்டிலின் மீது என்ன வண்ணம் இருக்கிறது? தொடாமல் தூரத்தில் இருந்து பாருங்கள். காலாவதி தேதியைக் குறித்து எழுதுங்கள்.

2. 5,000 ரூபாய் கடன். 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி. எட்டு மாத வட்டி எவ்வளவு?

3. 100 மில்லி பாட்டில் 150 ரூபாய். அதே மருந்து 250 மில்லி பாட்டில் 325 ரூபாய். எது மலிவு? நமக்குத் தேவை 100 மில்லிதான் என்றால் எதை வாங்கலாம்? சேர்ந்து பேசுங்கள்.

4. உங்கள் ஊரில் மருந்து, கடன், விற்பனை மூன்றும் யார் கையில் இருக்கின்றன? வகுப்பில் விவாதியுங்கள்.