வளர்ந்தவருக்கும் உடைமாற்று மேடை

கேள்வி: எழுந்து நிற்க இயலாத, வளர்ந்த பிள்ளைக்கு டயாப்பர் மாற்றப் பொதுக் கட்டடங்களில் இடம் கேட்க உரிமை உண்டா?
– வாசகர், கிளாவரை

பதில்: உரிமை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, நாற்காலியிலிருந்து மாறி உட்காரக் கூடியவருக்கே பெரும்பாலும் பயன்படும். அதுவும் இயலாதவருக்குத் தேவைப்படுவது, வளர்ந்தவர் நீட்டிப் படுக்கும் அளவில் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய மேடையும், அவரைத் தூக்கி மாற்றக் கூரையில் ஓடும் தூக்குப்பொறியும், இருபுறமும் உதவியாளர் நிற்க இடமும் உள்ள தனி அறையாகும். அது இல்லாத இடத்தில், உங்கள் ஊர் போன்ற மேல்மலை ஊரிலிருந்து மகனை அழைத்துவரும் தாய், ஈரம் காயாத கழிப்பறைத் தரையில் துண்டை விரித்தே அவனைக் கிடத்த வேண்டியிருக்கிறது; இது எந்த மனிதருக்கும் நேரக்கூடாத அவமதிப்பு.

பிரிட்டனில் 2006இல் தொடங்கிய ‘சேஞ்சிங் பிளேசஸ்’ இயக்கத்தின் பயனாக, இங்கிலாந்தின் புதிய பெரும் பொதுக் கட்டடங்களில் 2021 முதல் இத்தகைய அறை, குறைந்தது 12 சதுர மீட்டர் பரப்பில், கட்டாயமாயிற்று. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் அனைவரும் தடையின்றிப் பயன்படுத்தத் தக்கனவாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக நில்லாமல் கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தூக்குப்பொறி வரும்வரை, உறுதியான மேடையும் மறைப்புத் திரையும் கொண்ட ஓர் அறையையேனும் கேட்டு, உங்கள் திண்டுக்கல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுத்து மூலம் மனு அளியுங்கள்.