டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் வெளியே சாப்பிடப் போகிறீர்களா?

டென்மார்க்கில் ஓட்டல் பில் கையைக் கடிக்கும். ஆனால் மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே 25% வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை.

அங்கே இராச்சாப்பாடு மாலை ஆறு மணிக்கே! ரண்டர்ஸ் மழைக்காடு பூங்காவைச் சுற்றிவிட்டு, நம்மூர்ப் பழக்கத்தில் ஒன்பதரைக்குப் போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

மதியச் சாப்பாடு பெரும்பாலும் மலிவு. ரை ரொட்டிமேல் மீனோ முட்டையோ அடுக்கிய ஸ்மோர்ப்ரோட் கேளுங்கள். ஃப்ரிகடெல்லர் என்ற இறைச்சி உருண்டையில் பெரும்பாலும் பன்றிக்கறி இருக்கும். லெவர்போஸ்தை என்ற ஈரல் விழுதிலும் பன்றி ஈரல்தான். ஆகாதவர்கள் முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். சில உணவகங்கள் அதற்கும் காசு வாங்கும், அதிர்ச்சியடையாதீர்கள்.

செலவைக் குறைக்க, மீந்த உணவை மலிவு விலைக்குத் தரும் 'டூ குட் டு கோ' செயலியைப் பாருங்கள். டென்மார்க்கில் பிறந்ததுதான் அது.