பல்லுக்கு ஒன்று, தம்முக்கு ஒன்று

நம் பக்கத்து மைதானங்களில் பாதித் தோல்விகளுக்கு "தம் பத்தல" என்பதுதான் விளக்கம். கபடியில் பாடிப் போனவன் கோட்டைத் தொடாமல் மாட்டிக்கொண்டால் தம் பத்தல. காவலர் தேர்வுக்காக விடியுமுன் ஓடுகிற பையன் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்கும் தம் பத்தல. இந்தக் குறைக்கு மருந்தாக வாயில் கவ்விக்கொள்ளும் ரப்பர் துண்டு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பல்லையும் காக்குமாம், மூச்சுத் தசைகளையும் முறுக்கேற்றுமாம். கைபேசியில் விளம்பரம் பார்த்து, கூரியரில் வரவழைத்து, தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் பையன்கள் அதைக் கவ்விக்கொண்டு ஓடத் தொடங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதைச் சுற்றி நடக்கும் பேச்சில் சரியும் தவறும் அரைகுறையும் கலந்து கிடப்பதால், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

"மவுத் கார்டு போட்டா மூச்சு முட்டும்"

முட்டும்தான், பொருந்தாததைப் போட்டால். விளையாட்டுச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைப்பது வெந்நீரில் முக்கி, இளகியதும் கடித்துப் படிய வைக்கிற ரகம். அவசரக்காரர்கள் அதை ஒரே கடியாகக் கடித்துவிடுகிறார்கள். கடிபடும் இடம் மெலிந்து போகிறது, ஓரம் தடித்து ஈறில் இடிக்கிறது, வாயைத் திறந்தால் கழன்று நாக்கில் விழுகிறது. விழாமல் இருக்கப் பல்லை இறுக்கிக்கொண்டே ஆட வேண்டும். பல்லை இறுக்கினால் காற்று எந்த வழியாகப் போகும்? பழி மட்டும் எல்லா மவுத் கார்டுக்கும் சேர்ந்து விழுகிறது.

பல் மருத்துவரிடம் போனால் மேல் வரிசையை அளவெடுத்து, பிளாஸ்டர் அச்சு வார்த்து, அதன்மேல் எத்திலீன் வினைல் அசிடேட் தகட்டைச் சூடாக்கிப் படிய வைத்துத் தருவார். செருப்பின் மெத்தென்ற அடிப்பாகத்துக்குப் பயன்படும் அதே வகைப் பொருள்தான். முன்பல்லுக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மாட்டிக்கொண்டு வாயை அகலத் திறந்து தலையை ஆட்டுங்கள். அசையாமல் மேல் பல்லோடு ஒட்டி நின்றால் அமைந்துவிட்டது. அப்படிப் பொருந்திய கவசத்தை மாட்டி ஓடவிட்டும் சைக்கிள் மிதிக்கவிட்டும் அளந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் அளவு குறையவில்லை என்றே சொல்கின்றன.

கபடிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வாயில் ரப்பரோடு "கபடி கபடி" என்று நடுவருக்குக் கேட்கிற மாதிரி பாட முடியுமா? தடித்த ரகத்தில் நாக்கு மேலே மடிந்து தொட இடமில்லாமல் 'டி' குழறும். அளவெடுத்துச் செய்ததில் அண்ணப் பக்கம் மெலிதாக வெட்டிவிடச் சொன்னால் இரண்டு மூன்று நாள் பழக்கத்தில் நாக்கு வழிக்கு வந்துவிடும். பாடி வருபவனை நாலு பேர் சேர்ந்து அமுக்கும்போது ஒருவன் முழங்காலோ இன்னொருவன் தலையோ அவன் வாய்க்கு நேராக வருவது அபூர்வமில்லை.

கூடைப்பந்திலும் இதே கதைதான். பெரியகுளம் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டியை ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ரீபவுண்டுக்கு நாலைந்து பேர் ஒரே இடத்தில் எழும்பும்போது முழங்கைகள் எந்த உயரத்தில் வீசப்படுகின்றன என்று. ஸ்டீபன் கரி ஃப்ரீ த்ரோ போடும்போது மவுத் கார்டை வாயின் ஓரத்தில் மென்றுகொண்டு நிற்கும் படம் நம் பையன்கள் பலருடைய கைபேசியில் இருக்கிறது. அவர் மெல்லுவது மட்டும்தான் கண்ணில் படுகிறது. ஆட்டத்தில் அது பல்மேல் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

2019-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, மவுத் கார்டு அணியாதவர்களுக்கு வாய், பல் காயம் படும் வாய்ப்பு அணிந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டது. லண்டன் பல் மருத்துவர் வுல்ஃப் கிராவுஸ் 1890 வாக்கில் குத்துச்சண்டை வீரர்களின் மேல்பல்லில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசின் பட்டையை ஒட்டி அனுப்பிய காலத்திலிருந்து இந்தப் பொருளுக்கு வேலை இது ஒன்றுதான்.

"இதைக் கவ்விக்கிட்டு ஓடினா மேகமலையில ஓடின கணக்கு"

விளம்பரக்காரர்களுக்கு மிகவும் பிடித்த பொய் இது. துளை சிறுத்த வாய்க்கருவியையும் முகத்தை மூடும் 'உயரமலை' முகமூடியையும் இப்படிச் சொல்லியே விற்கிறார்கள்.

சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேகமலை போனால் சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. கம்பத்திலும் அதே 21தான். மேலே போகப் போகக் குறைவது காற்றழுத்தம். மேகமலை உயரத்தில் அது கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசை அதனால் தளர்கிறது. போதிய உயரத்தில் வாரக்கணக்கில் தங்கினால், அந்தக் குறையை உணர்ந்து சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் சுரக்க, சிவப்பணுக்கள் கூடுகின்றன. ரப்பரைக் கவ்வினால் இதில் எதுவுமே நடப்பதில்லை. காற்று அதே காற்று, அழுத்தம் அதே அழுத்தம், உள்ளே இழுக்கிற பாடு மட்டும் கூடுகிறது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் இதைச் சோதித்தார்கள். இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முகமூடி மாட்டி, ஆறு வாரம் கடுமையான சைக்கிள் பயிற்சி. 2016-ல் முடிவு வந்தது. இரு குழுவும் முன்னேறியிருந்தன. உச்ச ஆக்சிஜன் அளவில் இரண்டுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை, ஹீமோகுளோபினிலும் மாற்றமில்லை. முன்னேற்றியது சைக்கிள்.

உண்மையான மேகமலையே போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயரமலைப் பயிற்சிக்கு 2,000 மீட்டருக்கு மேல் தேவை. இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஷிலாரு மையம் இமாசலத்தில் 2,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் மாநிலத்தில் ஊட்டி 2,200 மீட்டரைத் தாண்டும். அங்கேயும் மூன்று நாலு வாரம் தங்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு இறங்கினால் நல்ல காற்றும் நாலு செல்ஃபியும் மிஞ்சும்.

"மூச்சுக்குத் தனியா பயிற்சியா? எல்லாம் ஏமாத்து"

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இப்படி ஒரேயடியாகத் தூக்கி எறிவதும் தவறு. மூச்சை இழுப்பது நுரையீரல் இல்லை, தசை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் சேர்ந்து நெஞ்சுக்கூட்டை விரிக்கின்றன. நுரையீரல் கூடவே விரிகிறது. கை கால் தசைகளைப் போலவே இவையும் களைக்கும், பயிற்சி கொடுத்தால் வலுக்கும்.

களைத்தால் என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியம். உச்ச வேகத்தில் ஓடும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு வரை மூச்சுத் தசைகளே எடுத்துக்கொள்ளும். அவை திணறினால் நரம்பு வழியாக ஓர் அனிச்சை கிளம்பி, கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்சியும் குழுவினரும் 1990-களில் இதை மறுக்க முடியாதபடி காட்டினார்கள். சைக்கிள் வீரர்களின் மூச்சு வேலையை ஒரு கருவி பகிர்ந்துகொண்டபோது காலுக்கு ரத்த ஓட்டம் கூடியது. மூச்சு வேலையைக் கூட்டியபோது குறைந்தது. "தம் போச்சு, கால் நகரல" என்று ஓட்டக்காரன் சொல்வதில் இரண்டு புகாருக்கும் ஒரே வேர் இருக்கலாம்.

இந்தத் தசைகளுக்கான பயிற்சிக் கருவி எளிமையானது. ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று, குறிப்பிட்ட விசையோடு இழுத்தால்தான் திறக்கும். விசையைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். ஒருவர் தன் முழுப் பலத்தோடு இழுக்கக்கூடியதில் ஏறக்குறைய பாதி சுமையில், காலையில் முப்பது மூச்சு, மாலையில் முப்பது மூச்சு, நான்கு முதல் ஆறு வாரம். இதுதான் பரவலாக ஆய்வில் நின்ற முறை. உட்கார்ந்தோ நின்றோ செய்வது, ஓடிக்கொண்டு செய்வதில்லை. 2001-ல் 14 துடுப்புப் படகு வீராங்கனைகளிடம் 11 வாரம் சோதித்தபோது, சரியான சுமையில் இழுத்தவர்கள் ஆறு நிமிட முழுவேகச் சோதனையில் 3.5 விழுக்காடு முன்னேறினார்கள். பயிற்சியாகாத அளவுக்குச் சுமையைத் தளர்த்திய கருவியை, அது தெரியாமல் இழுத்தவர்களும் 1.6 விழுக்காடு முன்னேறினார்கள். இந்த இரண்டாவது எண்ணை விளம்பரத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும் மூன்று பந்துக் கருவியைக் கொண்டு இதைச் செய்யலாமா என்றால், அதன் வேலை வேறு. அறுவை சிகிச்சையோ நோயோ முடிந்தபின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடாமல் ஆழமாக இழுக்கப் பழக்குவது அது. தசைக்குச் சுமை மிகக் குறைவு. ஆரோக்கியமான இளைஞன் மூன்று பந்தையும் தூக்கிக் காட்டுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் கபடிப் பாட்டு? பாடும்போது நடப்பது நீண்ட வெளிமூச்சு. இருக்கிற காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கும் கட்டுப்பாடும், கரியமில வாயு ஏறும்போது வரும் தவிப்பைப் பொறுக்கும் பழக்கமும் அதில் கிடைக்கின்றன. உள்ளிழுக்கும் தசைக்குச் சுமை ஏறுவதில்லை. புரோ கபடியில் ஒரு ரைடுக்கு 30 நொடி என்று கடிகாரம் வைத்துவிட்டார்கள். ஊர்ச் சடுகுடுவில் மூச்சுதான் கடிகாரம். பழைய ஆட்டக்காரர்களின் தம் அந்த ஆட்டத்துக்கே உரிய திறமை. அதை 1,500 மீட்டர் ஓட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

"ரெண்டும் ஒண்ணுலயே இருந்தா லாபம்தானே"

பல் கவசத்தின் நல்ல குணமே காற்றை மறிக்காமல் ஒதுங்கி நிற்பது. மூச்சுப் பயிற்சிக் கருவியின் வேலையே காற்றை மறிப்பது. ஒரே நேரத்தில் ஒரே பொருள் இரண்டையும் செய்ய முடியாது. அதனால் இரண்டும் சேர்ந்த கருவிகளில் மறிக்கும் அடைப்பானைப் பயிற்சியில் செருகி, ஆட்டத்தில் கழற்றிவிடச் சொல்கிறார்கள். கழற்றிய பிறகு மிஞ்சுவது நடுவே ஓட்டையும் உதட்டுக்கு வெளியே துருத்தலும் கொண்ட ஒரு மவுத் கார்டு. அடி விழும்போது அந்தத் துருத்தல் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்தாலே போதும்.

பயிற்சிப் பக்கத்திலும் குறை இருக்கிறது. இந்த வாய்க்கருவிகளில் பெரும்பாலானவை ஸ்பிரிங் வால்வு இல்லாத வெறும் துளை ரகம். துளையில் சுமை என்பது இழுக்கும் வேகத்தைப் பொறுத்தது. களைத்தவன் தன்னையறியாமல் மெதுவாக இழுப்பான், சுமை காணாமல் போய்விடும். அடுத்த வாரம் எவ்வளவு கூட்டினோம் என்று கணக்கு வைக்கவும் வழியில்லை. ஓடிக்கொண்டே கவ்வினால் வேகம் குறைந்து ஓட்டப் பயிற்சியும் கெடும். முன்னாள் தற்காப்புக் கலை வீரர் பாஸ் ரூட்டன் பெயரில் வரும் துளைக் கருவிகூட மூச்சுப் பயிற்சிக்கென்று விற்கப்படுவதுதான். சண்டையில் பல்லைக் காக்கும் என்று அதை யாரும் மாட்டிக்கொண்டு இறங்குவதில்லை.

காவலர் தேர்வுக்கு ஓடும் ஆண்களுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு ஒரு நிமிடம் 52 நொடி. அந்த வேகத்தில் பெரும்பாலோரை நிறுத்துவது இதயமும் காலும் பயிற்சியில்லாத முதல் சுற்று வேகமும். மூச்சுத் தசை கடைசியில் வரும். வாரத்துக்கு இரண்டு நாள் வேகச் சுற்றுகள், ஒரு நாள் நீண்ட மெதுவோட்டம் என்று ஒழுங்காக ஓடியும் இன்னும் சில நொடி வேண்டும் என்பவருக்குத்தான் ஸ்பிரிங் வால்வுக் கருவியைச் சொல்வேன். ஆஸ்துமா உள்ளவர்களும் நுரையீரலில் காற்றுக் கசிவு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கவ்வக் கூடாது. ஆடிக் காற்றில் மண் பறக்கும் நாட்களில் நெஞ்சு இறுகி விசில் சத்தம் வந்தால் அதற்குப் பெயர் தம் குறைவு இல்லை. அதற்கு இன்ஹேலர் இருக்கிறது.

"பல்லு போனா போனதுதான்"

இல்லை. முழுதாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்த நிரந்தரப் பல்லைத் திரும்ப நடலாம், அரை மணி நேரத்துக்குள் என்றால் நல்ல வாய்ப்பு. வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்து, மண் ஒட்டியிருந்தால் லேசாகக் கழுவி, குழியிலேயே செருகித் துணியைக் கடிக்க வைப்பதுதான் முதல் வழி. முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டு போக வேண்டும். வெறும் தண்ணீரில் போட்டால் வேர்மேல் உள்ள உயிரணுக்கள் செத்துவிடும். 2008-ல் சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இளநீரைச் சோதித்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் அதன் புளிப்புத்தன்மையைச் சுட்டி மறுத்தன. தோப்புக்கு நடுவே மைதானம் இருந்தாலும் டீக்கடைப் பாலுக்கே ஆள் அனுப்புங்கள், காய்ச்சாததாக, அது இல்லையென்றால் ஆறியதாக. பால் பல் விழுந்த சிறுவனுக்கு இதெதுவும் வேண்டாம், அதைத் திரும்ப நடுவதில்லை.